சலங்கை இல்லாத நடன வகுப்பு

சிறப்புப் பள்ளியில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், "பாவம், அந்தப் பிள்ளைகளுக்கும் ஏதோ கொஞ்சம் சந்தோஷம்" என்பார்கள். சந்தோஷம் உண்டுதான். இந்தப் 'பாவம்'தான் எனக்குப் பிடிப்பதில்லை. கலை, பண்பாட்டு வாழ்வில் எல்லோரையும் போலப் பங்கேற்பதை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமையாகவே சொல்கிறது.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் காலை அகட்டி உட்கார்ந்தால், உடம்பு என்னமாய் வளைகிறது என்று தோன்றும். உண்மையில் அவர்களுக்குத் தசையில் பிடிப்பு குறைவு, மூட்டுகளும் தளர்வு. முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த மாதிரி நிற்பதுதான் அரைமண்டி. அதில் நிற்கத் தொடை, இடுப்பு, வயிறு மூன்றும் சேர்ந்து பிடிக்க வேண்டும். அதனால் முதலில் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால்வாசி மண்டிதான். அப்புறம் தட்டடவு, பாதத்தால் தரையைத் தட்டும் முதல் பாடம். 'தெய்யா தெய்' என்று ஒரு காலைத் தூக்கும்போது மறுகால் உடம்பைத் தாங்கும் அந்த நொடிதான் எங்களுக்கு முக்கியம். சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிணைப்பு தளர்ந்திருக்கும். பலருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு உண்டு. டாக்டர் சரி என்று சொல்லாமல் கழுத்து அசைவும் கிடையாது, குதிப்பதும் கிடையாது.

ஆட்டிசம் உள்ள ஒரு பையன் சலங்கைச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வான். சலங்கையை அலமாரியில் பூட்டிவிட்டேன். தாளத்துக்காக மனைக்கட்டை என்ற மரக்கட்டையில் நான் தட்டும் தட்டுக்கழியின் சத்தம் மட்டும் அவனுக்குத் தொந்தரவில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிகிறதே! நமஸ்காரம், தட்டடவு, நாட்டடவு என்ற வரிசையில் ஒன்றை விட்டால் மனைக்கட்டையைத் தட்டி என்னை நிறுத்துவான். இப்போது தட்டுக்கழியைப் பிள்ளைகள் முறை வைத்து வாங்கித் தட்டுகிறார்கள். கழியை அடுத்தவரிடம் கொடுக்க அவனுக்கு மனசே வராது. விரல்கள் கழியை இறுக்கும், தளரும், மறுபடி இறுக்கும். கடைசியில் பக்கத்துப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வான்.

காது கேளாத பிள்ளைகளுக்குத் தாளம் பாதத்தின் வழியாகத்தான் ஏறும். எங்கள் மொசைக் தரையில் அதிர்வு தெரியாது. ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் மனையை வைத்துத் தட்டுகிறேன்.

"இதனால ஆட்டிசம் சரியாயிடுமா மிஸ்?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். ஆகாதும்மா என்றுதான் சொல்வேன். பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு யாரும் இங்கே வரக்கூடாது. நடனத்தால் குணமாக்குகிறேன் என்று காசு வாங்குபவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

ஆண்டு விழா இன்னொரு தலைவலி. மேடைக்குக் கீழே நின்று டீச்சர் ஆட, பிள்ளைகள் அதைப் பார்த்துக் கையை ஆட்டுவார்கள், கீழே கைத்தட்டல். இந்த முறை சினிமாப் பாட்டெல்லாம் வேண்டாம், சுவர், பலகை, தட்டுக்கழியோடு வகுப்பையே மேடையில் நடத்தலாம் என்று தலைமையாசிரியையிடம் கேட்டிருக்கிறேன். "பேரண்ட்ஸ் என்ன சொல்வாங்களோ" என்று இழுத்திருக்கிறார்.