அப்பா போட்ட பெஞ்சுகள்

எங்கள் சபையில் யாராவது சாட்சி சொல்ல எழுந்தால் 2 கொரிந்தியர் 5:17 கண்டிப்பாக வரும், பழையவை ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின என்று. அப்புறம் குடியை விட்டது, பீடியை விட்டது, பல வருஷம் பேசாமல் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டது. கேட்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதெல்லாம் கெட்டது என்று தெரிந்து விட்டவை. கர்த்தரே தந்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நல்ல காரியத்தை விடத்தான் நான் வருஷக்கணக்கில் கிடந்து மல்லுக்கட்டினேன்.

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா சனிக்கிழமை ஜெபக்கூட்டம் ஆரம்பித்தபோது நான் நாலாம் வகுப்பு. இரண்டு நீள பெஞ்சு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, முடிந்ததும் கட்டன்சாயா. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், அண்டியாபீஸ் என்கிற முந்திரிக்கொட்டை ஆலையில் வேலை முடிந்து கையில் கறையோடு நேராக வரும் அக்காமார் என்று முற்றம் நிறையும். அந்தக் கூட்டத்தில் அழுது எழும்பி வாழ்க்கை மாறிப்போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு நான் நடத்தினேன். 2020-இல் கொரோனாவுக்கு நின்றது, திரும்பத் தொடங்கியபோது நாலு பேர்தான் வந்தார்கள். நான் விடவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வந்தவர்களை விட்டுவிட்டு வராதவர்களின் பெயர்தான் மனசில் ஓடும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்களைப் பார்த்தால் முகம் கடுக்கும். ஒரு நாள் தவறாமல் வரும் பக்கத்து வீட்டு மாமி சாயா கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “மக்களே, ஒனக்க அப்பா ஆளுகளுக்காவ ஜெபம் வச்சாரு. நீ ஒனக்க அப்பாவுக்காவ வைக்கிய.” அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எண்ணாகமம் 21-இல் மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் எல்லோருக்கும் தெரியும். கர்த்தர் சொல்லித்தான் செய்தார், பாம்பு கடித்து அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் 2 இராஜாக்கள் 18:4-ஐ நாம் அதிகம் வாசிப்பதில்லை. பல நூறு வருஷம் கழித்தும் ஜனங்கள் அதை வைத்துக்கொண்டு தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். மோசேயின் கையால் செய்தது! எத்தனை பேர் அன்றைக்கு அவரைச் சபித்திருப்பார்களோ. எங்கள் முற்றத்து பெஞ்சுகளுக்கு நான் தூபம் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த வசனத்தை வாசித்தபோதுதான் உறைத்தது.

நல்லதாக இருந்ததையே விட்டுக்கொடுப்பது எங்கள் பெரியவர்களுக்குப் புதிதில்லை. லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கத்தின் வழியில் பிஷப்பே இல்லாமல் வளர்ந்த சபைகள் இங்கே இருந்தவை, 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது அந்த வழக்கத்தை விட்டுக்கொடுத்து, பிஷப் உள்ள ஒரே திருச்சபைக்குள் வந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளை நான், ஒரு சனிக்கிழமையை விட மாட்டேன் என்று நின்றேன்.

கடைசியில் சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தினேன். அதே வருஷம்தான் அப்பா நட்ட ரப்பரையும் வெட்டினோம். முப்பது வருஷம் தாண்டிய மரங்கள், மரத்தை முறிப்பதற்கு முன் கடைசியாக ஏணி வைத்து மேல்பட்டையில் கடும்வெட்டு வெட்டியும் சிரட்டையின் அடி நனையும் அளவுதான் பால். புதுத்தைக்கு, அதாவது புதுக் கன்றுக்கு, பால் வர ஏழு வருஷம் ஆகும், அதுவரை இடையில் வாழையும் பைனாப்பிளும்தான். மரம் ஏற்ற லாரி வந்த காலையில் அம்மா வெளியே வரவேயில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது, அதை மறைக்க விரும்பவில்லை. பழையதை விட்டால் உடனே கர்த்தர் புதியதைக் கையில் தந்துவிடுவார் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம், ஆனால் நடுவில் வெறும் மண்ணாகக் கிடக்கும் காலம் ஒன்று இருக்கிறது. அந்த வெறுமையை நானும் அனுபவித்தேன், நாலைந்து மாதம் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வாரம் ஒரு வீட்டில் கூடுகிறோம், நான் நடத்துவதில்லை. கேரளத்துப் பாறசாலையிலிருந்து கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண் மலையாளப் பாட்டு எடுத்துக்கொடுக்கிறாள், அப்பா இருந்திருந்தால் தமிழ்க் கீர்த்தனை பாடு என்றிருப்பார். பெஞ்சு இரண்டும் மாமி வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. போன வாரம் அந்த வீட்டில்தான் ஜெபம், இடம் பற்றாமல் நான் தரையில் உட்கார்ந்தேன்.