அந்தக் கயிறு என் கடைக் கயிறு

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊரில் இருபது ஆண்டுகளாக வலைக் கடை நடத்தி வருகிறேன். வலை, மிதவை, ஈயக் குண்டு, கயிறு, தூண்டில் முள் என்று படகுக்கு வேண்டிய எல்லாம் என்னிடம் கிடைக்கும். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் நள்ளிரவு கடந்து இரண்டரை மணி இருக்கும். ஊர்ப் பையன்கள் இருவர் வந்து கதவைத் தட்டி, "அண்ணாச்சி, கயிறு ஒரு எட்டு மீட்டர் குடுங்க, திருடனைப் பிடிச்சிட்டோம்" என்றார்கள். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல், அளந்து வெட்டிக் கொடுத்தேன். மகிழ்ச்சியாகக் கொடுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் எங்கள் கரையில் நான்கு அவுட்போர்டு இன்ஜின்கள் காணாமல் போயிருந்தன. ஓர் இன்ஜின் போனால் ஒரு லட்சத்துக்கு மேல் நட்டம் என்பது கணக்கின் ஒரு பாதிதான். புது இன்ஜினுக்கு மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கினால், அந்தக் கடன் தீரும் வரை பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். ஒரே இரவில் நடந்த திருட்டு, ஒரு குடும்பத்தை மூன்று ஆண்டுகள் ஒருவரிடம் கட்டிப்போட்டுவிடும். புகார் கொடுக்கப் போனவர்களுக்கு மனு ரசீது கிடைத்தது. அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மாவட்டக் கரையில், ஒவ்வொரு படகுத்துறைக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆகவே பன்னிரண்டு பையன்கள் முறை வைத்துக்கொண்டு, டார்ச்சும் விசிலும் தேநீர் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு இரவுக் காவலுக்குப் போகத் தொடங்கினார்கள். அதில் எந்தத் தவறும் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. தன் பொருளைத் தான் காப்பதும், பக்கத்து வீட்டான் பொருள் மீது ஒரு கண் வைப்பதும் எந்தச் சட்டமும் எழுதப்படுவதற்கு முன்பே எங்கள் கரையில் இருந்த வழக்கம்.

பிடிபட்டவனை ஐஸ் ஆலைக்குப் பின்னால் உள்ள வலைக் கொட்டகைத் தூணில் கட்டியிருந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். முப்பது வயது இருக்கலாம். பேர் கேட்டால் பதில் இல்லை; ஊர் கேட்டால் கடலைப் பார்த்தான். பதில் சொல்லாததே திமிர் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது, இரண்டு அறைகள் விழுந்தன. அவனிடம் ஸ்பேனர் இல்லை, சாக்கு இல்லை, செருப்புகூட இல்லை என்பதை அத்தனை டார்ச் வெளிச்சத்திலும் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. விடியும் நேரத்தில் மீன் எடுக்க வந்த ஒரு அப்பத்தா, கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் அருகில் குனிந்து, அவன் கழுத்தில் கிடந்த தாயத்தைத் தொட்டுப் பார்த்தார். "பாவிகளா, இது தர்காவுக்குக் கூட்டியாந்த புள்ளைடா" என்றார். அதன் பிறகுதான் கயிற்றை அவிழ்த்தோம். முடிச்சு இறுகியிருந்ததால் அறுக்க வேண்டியிருந்தது. மணிக்கட்டில் கயிற்றின் புரி அப்படியே பதிந்திருந்தது. நல்ல கயிறு என்று நான் சொல்லி விற்கும் கயிறு அது.

ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் குன்றியவர்களைக் குடும்பத்தார் அழைத்து வருவதும், அவர்களில் சிலர் கரையோரமாக நடந்தே எங்கள் ஊர் வரை வந்துவிடுவதும் இங்கே பிறந்த எவருக்கும் தெரிந்த செய்தி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்தப் புகையை நினைவில் வைத்திருக்கும் ஆட்கள் அந்த இரவு கொட்டகையில் நால்வராவது இருந்தோம். ஆயினும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது திருடன் மட்டுமே. நான்கு இன்ஜின் போன ஆத்திரம் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்த முகத்தில் அதை ஒட்டிவிட்டோம்.

பிறகு, வழக்கறிஞராக இருக்கும் என் மைத்துனரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டத்தைப் படித்துக் காட்டினார், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, சாதாரணக் குடிமகனுக்கும் கைது செய்யும் உரிமையைத் தருகிறது. ஆனால் பிணையில் விட முடியாததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தை ஒருவன் நம் கண்ணெதிரே செய்திருக்க வேண்டும், அல்லது அவன் தேடப்படும் குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டவனாக இருக்க வேண்டும். பிடித்தபின் தாமதமின்றி, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை. அடிக்கவோ விசாரிக்கவோ அதில் ஒரு சொல்கூட இல்லை. தற்காப்பு உரிமையும் அப்படித்தான்: அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருக்கும்போது அந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் அனுமதி இல்லை. பிடித்தபோது மணி இரண்டேகால். ஆறு மணி வரை, பன்னிரண்டு பேர் கையிலும் செல்பேசி இருந்தும், ஒருவரும் காவல் நிலையத்தை அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அந்த மூன்றே முக்கால் மணி நேரம் நாங்கள் எதற்காகக் காத்திருந்தோம் என்று யோசித்துப் பார்த்தால், பதில் எனக்குப் பிடிப்பதில்லை. பிடித்ததை வைத்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது.

இந்தச் சுகம்தான் ஆபத்தானது என்பதற்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த சென்னைக் குடும்பம் ஒன்று, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகச் சூழப்பட்டு, அவர்களில் ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் அந்த நேரத்தில் நம்பியிருப்பார்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பல் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. எங்கள் கொட்டகையில் நின்ற பன்னிரண்டு பேருக்கு வாட்ஸ்அப்கூடத் தேவைப்படவில்லை.

குடிமக்களைக் காவல் பணியில் சேர்ப்பது நல்லதா என்ற கேள்வி எங்கள் மாவட்டத்துக்குப் பழையது. காவல் நண்பர்கள் குழு என்ற 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' 1993இல் தொடங்கியது இந்த இராமநாதபுரத்தில்தான். அப்போது இங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் அதைத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் அது பரவியது. போலீஸ் என்றாலே ஒதுங்கிப் போன ஊர்களில், நிலையத்துக்குள் போய் உட்கார்ந்து பேசலாம் என்ற துணிச்சலை அது பலருக்குக் கொடுத்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அங்கே இந்தக் குழுவின் தன்னார்வலர்களும் உடன் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் அதை மறுத்தார்கள். அடுத்த மாதமே அரசு அந்த அமைப்புக்குத் தடை விதித்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. சீருடை அணிந்தவன் கை ஓங்கினால், பெயரளவுக்காவது அவனிடம் கணக்குக் கேட்க ஒரு வழி இருக்கிறது. அவன் பக்கத்தில் நிற்கும் தன்னார்வலனிடம் யார் கணக்குக் கேட்பது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்ஜின் திருடன் பிறகு அகப்பட்டான். எங்கள் ஊர்ப் பையன்தான். காவலுக்குப் போன பன்னிரண்டு பேரில் ஒருவனுடைய சித்தப்பா மகன். அவனைத் தூணில் யாரும் கட்டவில்லை. ஊர்க் கூட்டம் கூடியது, தண்டம் விதித்தது, இரண்டு இன்ஜின்கள் திரும்பி வந்தன, மற்ற இரண்டுக்கும் தவணையில் பணம் என்று பேசி முடிந்தது. காவல் நிலையத்துக்குச் செய்தியே போகவில்லை. அந்தத் தீர்ப்பு அத்தனை மோசமானது என்றும் சொல்ல மாட்டேன். சிறைக்குப் போயிருந்தால் நட்டப்பட்டவர்களுக்கு இன்ஜின் வந்திருக்காது. ஆனால் பெயர் தெரியாதவனுக்குக் கயிறும், உறவுக்காரனுக்குக் கூட்டமும் என்று நாங்கள் பிரித்துக் கொடுத்ததற்குப் பெயர் நீதி என்று எந்த வாயால் சொல்வது? அந்தக் கூட்டத்தில் தர்காவுக்கு வந்த அந்தப் பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவனை அடித்ததற்குத் தண்டம் கேட்க அங்கே அவனுக்கு ஆள் இல்லை.

கடல் அட்டை விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. கடலடியில் வாழும், மென்மையான உடல் கொண்ட இந்த உயிரினம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம் என்பதால், இங்கிருந்து கள்ளத்தனமாகக் கடல் தாண்டினால் அங்கே அது நல்ல சரக்காகிவிடுகிறது. பனங்காட்டுக்குள் அட்டை அவிக்கும் வாடை எங்கள் ஊரில் மூக்குள்ள எல்லோருக்கும் தெரியும். மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுப்பவன் ஏழை. அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வராது, அந்தத் தடையே தங்கள் பிழைப்பைக் கெடுத்தது என்று அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவனிடம் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, சிக்கினால் அவனையே முன்னால் தள்ளிவிட்டு, மாடி மேல் மாடி கட்டுபவன் வேறு. அவனுடைய வண்டியைப் பற்றி ஒரு பையன் துணிந்து ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னான். இரண்டாம் நாள் அந்தப் பையன் வீட்டு வாசலில் நான்கு பேர் வந்து நின்று, அவன் அம்மாவிடம் மிக மரியாதையாக நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். கண்ணும் காதுமாக இருங்கள் என்று மீனவர்களிடம் கேட்கும் அரசு, சொன்னவன் பெயரைக் காக்க முடியாவிட்டால், அடுத்த முறை அந்தக் கண்கள் மூடிக்கொள்வதைக் கோழைத்தனம் என்று ஏசுவதற்கு அதற்குத் தகுதி இல்லை.

இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும், தடைசெய்யப்பட்ட இரட்டைமடி விசைப்படகுகளை நாட்டுப்படகுக்காரர்கள் கடலில் மறிப்பது சரியா என்றும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். 1970களில் தமிழ்நாட்டுக் கரையில் இந்தச் சண்டை படகு எரிப்பிலும் உயிர்ப்பலியிலும் முடிந்து, அதன் பிறகே 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மறித்து, படகு எண்ணைக் குறித்து, படம் எடுத்து, மீன்துறையிடம் கொடுப்பவர்கள் எனக்குச் சரியாகப் படுகிறார்கள். குற்றம் அங்கே கண்ணெதிரே நடக்கிறது, வலை நீரில் கிடக்கிறது.

எங்கள் காவல் நிற்கவில்லை. இப்போது கயிறு கிடையாது. அது என் ஒருவனின் நிபந்தனை, கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன். இரண்டு பேராகப் போக வேண்டும், அயலாரைக் கண்டால் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டும், உடனே 112க்கோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கோ அழைக்க வேண்டும். என் கடையிலிருந்து ஒரு நீள நோட்டும் கொடுத்திருக்கிறேன். இரவில் துறைக்கு வந்து போகும் படகு எண், வண்டி எண், நேரம் ஆகியவற்றைப் பையன்கள் அதில் எழுதுகிறார்கள். நேற்றுக் காலை அதைப் புரட்டிப் பார்த்தேன். ஐஸ் வண்டி, மீன் வேன், கீழக்கரையிலிருந்து வந்த ஒரு கார், வழி தவறிய ஒரு லாரி எல்லாம் நேரத்தோடு ஒழுங்காக இருந்தன. வாரம் இரண்டு முறை பனங்காட்டுப் பாதையில் விளக்கை அணைத்துக்கொண்டு போகும் அந்த வெள்ளை வண்டியின் எண்ணைக் காணவில்லை. பேனா நோட்டின் நடுவிலேயே கிடந்தது. அந்த எண் எனக்கு மனப்பாடம். நோட்டை மூடி மேசைக்கடியில் வைத்துவிட்டு, வந்து நின்ற வாடிக்கையாளருக்கு மிதவை எண்ணிக் கொடுக்கப் போனேன்.