சத்தமில்லாத பேச்சில் கோபம் எங்கே இருக்கிறது?

கோத்தகிரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் பக்கவாதம் வந்தவர்களும் திக்கிப் பேசும் குழந்தைகளும்தான். அவ்வப்போது புற்றுநோயால் குரல்வளையை எடுத்துவிட்டவர்களும் வருவார்கள். இவர்களுக்கு நாக்கு, உதடு, தாடை எல்லாம் பழையபடி அசையும். மூச்சு கழுத்துத் துளை வழியாகப் போய்விடுவதால் ஒலி மட்டும் எழாது. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்கிற கருவியை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறோம். சொல் புரியும், ஆனால் திட்டினாலும் கொஞ்சினாலும் ஒரே ரீங்காரம்தான்.

இதற்கு மாற்றாக, சத்தமே இல்லாமல் வாயசைப்பதைக் குரலாக்கும் கருவி ஒன்றைச் சோதிக்கக் கீழேயிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. தசை சுருங்கும்போது தோலில் மிகச் சிறிய மின்துடிப்பு எழும். கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் ஒட்டுகிற மின்முனைகள் அதைப் பிடிக்கும், கணினி அதிலிருந்து சொல்லைக் கண்டுபிடிக்கும். 2004-இல் நாசாவின் ஏம்ஸ் மையம் சில சொற்களை வைத்து இதைச் செய்து காட்டியது. 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து முகத்தில் மாட்டிக்கொள்ளும் ‘ஆல்டர் ஈகோ’ என்ற கருவி வந்தது. 2020-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேடி, கிளைன் இருவரும் இந்தத் துடிப்புகளை நேரடியாகக் குரலாக மாற்றினார்கள்.

எங்களிடம் அதைப் போட்டுப் பார்த்தவர் குரல்வளையை எடுத்துவிட்ட ஒரு பெரியவர்; தேயிலைத் தொழிற்சாலையில் இலையைச் சுருட்டும் ரோலர் இயந்திரத்தின் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் காலமெல்லாம் வாயசைத்தே பேசிப் பழகியவர் என்பதால் அவருடைய உதட்டசைவு அத்தனை தெளிவு. குளிரில் தோல் வறண்டு மின்முனைகள் சரியாக ஒட்டாதபோதுகூடப் பொறுமையாக உட்கார்ந்திருப்பார். ‘மணம்’ என்று சொன்னால் கருவி ‘பணம்’ என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடுகிறது. வித்தியாசம் உள்ளே, அண்ணத்தின் பின்பக்கம். கன்னத்தில் ஒட்டியதற்கு அது எட்டாது. சரி, அதையெல்லாம் முன்பின் சொற்களை வைத்துச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது உணர்ச்சிதான். கோபமும் பிரியமும் பெரும்பாலும் குரலின் ஏற்ற இறக்கத்தில் இருக்கின்றன. அந்த ஏற்ற இறக்கத்தைத் தருகிற குரல்வளைத் தசைகளே இவருக்கு இல்லை. அதனால் குழுவினர் முகத்தைப் படிக்கப் பார்த்தார்கள். கடைவாயை மேலே இழுக்கும் கன்னத் தசை துடித்தால் மகிழ்ச்சி, புருவம் சுருங்கினால் கோபம் என்று கணக்கு. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் மின்சாரத்தால் முகத் தசைகளைத் தூண்டிப் பார்த்து 1862-இல் எழுதிய காலத்திலிருந்தே இந்த வழி உண்டு.

ஆனால் ‘ஈ’ என்று சொல்வதற்கும் கடைவாய் விரிய வேண்டுமே! “நீ நேத்து ஏன் வரலை?” என்று பேரனை அவர் அதட்டினார். கருவி அதைக் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் குதூகலமாகச் சொன்னது. பையன் சிரித்துவிட்டான். பெரியவர் ஒயர்களைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டார். “டீச்சர், இவரு திட்டுறாரா சிரிக்கிறாரான்னு எனக்கே தெரியலையே” என்றார் அவர் மனைவி.

எனக்கு இதில் இன்னொரு கவலையும் இருந்தது. எஸ்டேட்டிலிருந்து வரும் பெண்கள் பலர் பெரிய துக்கத்தைச் சொல்லும்போது லேசாகச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வேண்டாம் என்கிற பண்பு அது. கருவி அதை மகிழ்ச்சி என்று குறித்துக்கொண்டால் அநியாயம். முக அசைவை மட்டும் வைத்து உள்ளே இருப்பதைத் தீர்மானிக்க முடியாது என்று உளவியல் ஆய்வாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் மற்ற ஆய்வாளர்களும் 2019-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். வேலையிடத்தில் ஆட்களின் உணர்ச்சியைக் கருவி வைத்துக் கணிப்பதை, மருத்துவமும் பாதுகாப்பும் தவிர்த்து, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை இங்கேயும் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதனால் குழுவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அவர் மனதைக் கணிக்க வேண்டாம், காட்ட நினைப்பதைக் காட்ட வழி கொடுங்கள். 2025-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர், தசைகள் செயலிழந்த ஒருவரின் மூளையில் மின்முனைகள் பதித்து, அவரே கேள்வித் தொனியையும் அழுத்தத்தையும் கொண்டுவரும்படி செய்ததும் இந்த வழியில்தான். எங்களுக்கு மூளை வரை போக வேண்டியதில்லை. அழுத்த அழுத்தச் சுருதி ஏறும் பொத்தான் சில அதிர்வுக் கருவிகளிலேயே இருக்கிறது. அதையே இதிலும் சேர்த்துத் தரச் சொன்னோம். அவர்களும் மறுக்காமல் செய்து கொடுத்தார்கள்.

கட்டைவிரலால் அழுத்திப் பழக நாளானது. அவர் முதலில் கற்றுக்கொண்டது அதட்டலைத்தான். அப்புறம் கேள்வி, அப்புறம் கிண்டல். அவர் கிண்டல் செய்கிறார் என்று மனைவிக்குப் புரிந்த அன்று அந்த அம்மா எழுந்து நின்று பதிலுக்குத் திட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொத்தானில் சுருதி ஏறுகிறது, வழக்கமான அளவுக்குக் கீழே இறங்கவில்லை. கைக்குழந்தையான பேத்தியிடம் பேச அவருக்குத் தாழ்ந்த குரல் வேண்டுமாம். அதைக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். காலைக் குளிரில் விரல் மரத்துப்போவதால் பொத்தானைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரவும் சொல்லியிருக்கிறேன்.