ஹான்லன்ஸ் பொயின்டில் வேலி போடுகிற வேலை

ரொறன்ரோ தீவில் கோடைகால வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்தப் பீச் பக்கமும் போறனீங்களோ?" போகிறேன். குப்பை வாளி மாற்றுகிறேன், மணலில் கிடக்கும் கண்ணாடித் துண்டு பொறுக்குகிறேன், வேலி அடிக்கிறேன். ஹான்லன்ஸ் பொயின்ட் பீச்சில் ஒரு பகுதியில் உடுப்பு கட்டாயமில்லை. அங்கே அம்மணமாகப் படுத்திருக்கலாம், நீந்தலாம், பந்து விளையாடலாம், மாநகரசபை விதியே அதை அனுமதிக்கிறது. நகரத்துக்குள் அப்படி அனுமதி உள்ள பீச் அது ஒன்றுதான்.

வேலைக்குப் போன புதிதில் எங்கள் குழுவில் வடமராட்சிக்காரர் ஒரு அண்ணை இருந்தார். அந்தப் பகுதிக்குள் எங்கள் கேட்டர் என்கிற சின்ன வேலை வண்டி நுழைந்ததும் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிவிடுவார். வெளியே வரும்வரை தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு எல்லாரையும் போல வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அம்மணம் பழகுவதற்கு அவ்வளவு நேரம்தான் எடுக்கும். படுத்திருந்து புத்தகம் வாசிக்கிற அறுபது வயதுக்காரர், குடையை மணலில் ஊன்றத் தெரியாமல் அல்லாடுகிற தம்பதி, தங்கள் குப்பையைத் தாங்களே கட்டி வைத்துவிட்டுப் போகிற ஆட்கள். துப்புரவு செய்கிறவனாகச் சொல்கிறேன், தீவில் குப்பை மிகக் குறைவாக விழுகிற கரைகளில் அது ஒன்று. அங்கே அடிக்கடி வருகிறவர்கள் அந்த இடத்தைத் தங்கள் முற்றமாகப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் சண்டை எங்கே இருந்து வருகிறது? என் அனுபவத்தில் பெரும்பாலும் உடுத்தியிருப்பவர்களிடம் இருந்து.

ஃபெரி படகில் வந்து இறங்கி, பீச் இருக்கும் பக்கம் நடந்து, வேலி ஓரமாக நின்று பார்க்கிற ஒரு கூட்டம் ஒவ்வொரு சனி ஞாயிறும் வரும். குளிக்க வந்தவர்கள் இல்லை. சப்பாத்துக்கூடக் கழற்ற மாட்டார்கள். கையில் போன் இருக்கும். வெளிச்சம் சரியில்லை என்று இடம் மாறி மாறி நிற்பார்கள். அதில் எங்கள் பிள்ளைகளும் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அதே அண்ணைதான் பிறகு அப்படியானவர்களைக் கண்டால் வண்டியை நிறுத்துவார். "போனை உள்ளை வை தம்பி. உன்ரை அக்கா குளிக்கேக்கை ஒருத்தன் இப்படி நிண்டால் விடுவியோ?" என்பார். தமிழ்ப் பெடியன் என்றால் அந்த ஒரு கேள்வியிலேயே போய்விடுவான்.

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் குளிக்கப் போனவர்களுக்கு இது விளங்கும். அங்கே ஆண்கள் கேணி கடலைப் பார்த்தபடி திறந்து கிடக்கிறது, பெண்கள் கேணியைச் சுற்றி மதில். அந்த மதில் குளிக்கிற பெண்களைப் பார்வையில் இருந்து காப்பாற்றக் கட்டியது. குளிக்கிறவர்களிடம் இருந்து ஊரைக் காப்பாற்ற அதைக் கட்டியதாக யாரும் நினைப்பதில்லை. ஹான்லன்ஸில் நாங்கள் அடிக்கிற மரச் சலாகை வேலியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அதிகாரத்தில் இருப்பவர்கள் பலர் அதை மறுபக்கமாகப் பார்க்கிறார்கள். அம்மணத்தை ஒரு மூலையில் அடைத்து வைக்க வந்த வேலியாக நினைக்கிறார்கள். ஒரே வேலிதான், ஆனால் எதற்கு என்று நினைத்து அடிக்கிறோமோ அதைப் பொறுத்து அது நிற்கிற இடமும் உயரமும் மாறிவிடும்.

கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 174-ஆம் பிரிவு பொது இடத்தில் அம்மணமாக இருப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் சட்டமா அதிபரின் சம்மதம் இல்லாமல் அந்தப் பிரிவில் வழக்குத் தொடுக்க முடியாது. ஏன் இப்படி ஒரு பூட்டு என்று தேடிப் படித்தபோது ஒரு பழைய கதை கிடைத்தது. 1899-இல் ரஷ்யாவில் இருந்து டுகோபோர் என்ற மக்கள் கனடா வந்தார்கள். ஆயுதம் தூக்க மறுத்ததற்காக அங்கே துன்புறுத்தப்பட்டவர்கள். அவர்களில் சுதந்திரப் புத்திரர் என்ற சிறு பிரிவினர், தங்கள் வாழ்க்கையில் அரசு தலையிடுவதை எதிர்த்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் உடுப்பைக் களைந்து ஊர்வலம் போனார்கள். பாராளுமன்றம் 1931-இல் பொது இடத்து அம்மணத்துக்கு மூன்று வருடச் சிறை என்று சட்டம் போட்டது. அடுத்த வருடம் நூற்றுக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் பிடித்துப் பியர்ஸ் தீவில் முள்ளுக்கம்பிக்குள் வைத்தார்கள். பிள்ளைகளைப் பிரித்து வேறு இடங்களுக்கு அனுப்பினார்கள்.

அதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அகதியாக வந்த இன்னொரு கூட்டத்தை அடக்கப் போட்ட சட்டம் அது. இன்றைக்கு அதன் தண்டனை குறைந்துவிட்டது, பூட்டும் இருக்கிறது. இருந்தாலும் யாராவது "சட்டம் சட்டம்தானே" என்று என்னிடம் சொல்லும்போது, எந்தச் சட்டம், யாருக்காகப் போட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஹான்லன்ஸின் கதை அவ்வளவு கொடூரமில்லை. 1971 ஓகஸ்ட் 1-ந் திகதி தற்பாலீர்ப்பாளர்கள் அங்கே கூடி ஒரு பிக்னிக் நடத்தினார்கள். ரொறன்ரோவின் பிரைட் என்கிற பெருமித விழா அங்கிருந்துதான் தொடங்கியது என்று இப்போது நகரமே சொல்கிறது. அந்தக் காலத்தில் நகருக்குள் கையைப் பிடித்து நடக்கவே பயந்தவர்களுக்கு, படகேறிப் போய்ச் சேருகிற ஒரு மணல் திட்டு கிடைத்தது. உடுப்பில்லாமல் குளிப்பதும் அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதியாகவே வளர்ந்தது. 1999-இல் மாநகரசபை ஒரு கோடைக்கு மட்டும் பரீட்சார்த்தமாக அனுமதித்தது. 2002-இல் நிரந்தரமாக்கியது. பொலிஸோ மாநகரசபையின் விதி அதிகாரியோ வருவார்களா என்று கரையைப் பார்த்துப் பார்த்துக் குளித்தவர்கள் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கண்ணை மூடிப் படுத்தார்கள்.

ஆனால் அனுமதி கிடைத்தவுடன் எல்லை பற்றிய தகராறு தொடங்கிவிடும். அது எந்த ஊரிலும் நடப்பதுதான், காணி உள்ளவர்களுக்குத் தெரியும். ஹான்லன்ஸில் இன்னொரு சிக்கல், எல்லை போட்ட மணலே நகருகிறது. தீவு முழுக்க ஏரி கொண்டுவந்து கொட்டிய மணல். ஸ்காபரோ மண்மலைகள் கரைந்து வந்த மணல் சேர்ந்து ஒரு நீண்ட திட்டாகி, 1858-இல் அடித்த புயல் அதைக் கரையில் இருந்து அறுத்துத் தீவாக்கியது. இப்போது கிழக்கே கரை முழுக்கக் கல்லும் கட்டுமானமும். வருகிற மணல் குறைந்துவிட்டது, போகிற மணல் குறையவில்லை. 2017-இல் ஏரி பொங்கியதால் மே மாதம் மூடிய தீவுப் பூங்கா ஜூலை 31-ந் திகதிதான் திறந்தது. 2019-இல் தண்ணீர் அதைவிட ஏறியது. வரைபடத்தில் இருக்கும் பீச் ஒன்று, நாங்கள் காலையில் போய்ப் பார்க்கும் பீச் வேறு.

தண்ணீர் ஏறியிருந்த ஒரு ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எல்லைப் பலகை நின்ற இரும்புக் கம்பம் அடி அரித்துச் சாய்ந்து, பலகை அலைக்குள் கிடந்தது. உடுப்பில்லாத பகுதியில் மணல் இரண்டு துவாய் விரிக்கிற அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்து, திடுக்கிட்டு, போன் அடித்துவிட்டது. அந்தத் தாய் மேல் எனக்குக் கோபமில்லை. பலகை இல்லாத இடத்தில் அவருக்கு எப்படித் தெரியும்?

விதி அதிகாரி ஒருவர் வந்தார். இளம் பெடியன், வெயிலில் முகம் சிவந்திருந்தது. கையில் இருந்த போனில் வரைபடம், அதில் ஒரு நேர்கோடு. கோட்டின்படி பார்த்தால் எல்லை தண்ணீருக்குள். அவர் எல்லாரையும் உடுக்கச் சொல்லத் தொடங்கினார். அங்கே வழக்கமாக வருகிற ஒரு வயதான அம்மா துவாயைச் சுற்றிக்கொண்டு எழும்பி வந்தார். சத்தம் போடவில்லை. அலைக்குள் கிடந்த பலகையைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டி, "இவர்தான் போன வருடம் வேலி அடித்தவர், இவரைக் கேள்" என்றார்.

அதிகாரி என்னைக் கேட்டார். நான் மணல்மேட்டு ஓரம் நிற்கிற பெரிய கொட்டன்வுட் மரத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். பழைய வேலிக் கம்பியைக் கட்டிய இடத்தில் பட்டையில் துருப்பிடித்த ஆணி இன்னும் இருந்தது. அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். போனில் மேலதிகாரியோடு கதைத்தார். சரி, இப்போதைக்கு இந்த மரத்தில் இருந்து நேராக எல்லை என்றார். கைபிடி வைத்த இரும்புக் குழாயைத் தூக்கிப் போட்டுக் கம்பம் அடித்தோம். ஈர மணல், இரண்டாள் மாறி மாறி அடித்தால்தான் இறங்கும். அவரும் வந்து பிடித்தார். குடும்பம் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாய் விரித்தது. உடுப்பில்லாதவர்கள் கம்பத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள். பின்னேரம் படகில் திரும்பும்போது அந்தத் தாயும் துவாய் அம்மாவும் ஒரே வாங்கில் இருந்து பிள்ளைகளின் தொப்பியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அப்படிப் பொறுமையானவர்கள் என்று சொல்ல வரவில்லை. புதருக்குள் செய்யக்கூடாததைச் செய்கிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி முதலில் முறைப்பாடு தருவது பெரும்பாலும் அதே கரையில் வழக்கமாகக் குளிக்கிறவர்கள்தான். தங்கள் இடத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்ற பயம் அவர்களுக்கு.

இன்னொரு வகை முறைப்பாடு சாதாரணப் பக்கத்தில் இருந்து வரும்: பெண் ஒருவர் மேலாடை இல்லாமல் படுத்திருக்கிறார் என்று. அது ஒன்ராறியோவில் குற்றமில்லை. குவெல்ஃப் நகரில் 1991-இல் வெக்கை தாங்காமல் மேற்சட்டை இல்லாமல் நடந்த க்வென் ஜேக்கப் என்ற மாணவியை 1996-இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்ததோடு அது முடிந்த விஷயம். விளங்கப்படுத்தினால் பாதிப் பேர் ஏற்றுக்கொள்வார்கள்.

பெரிய சண்டை 2023-இல் வந்தது. தீவு முழுவதற்குமான பெருந்திட்டத்தின் வரைவில், ஹான்லன்ஸ் பீச்சை ஒட்டி நிகழ்ச்சிகள் நடத்துகிற வெளியிடம் ஒன்று என்ற யோசனை இருந்தது. மேடை, ஒலிபெருக்கி, ஆயிரக்கணக்கில் ஆட்கள். அதைப் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வரைபடத்தில் அது வெறும் புல்வெளியாகத் தெரிந்திருக்கும். ஆனால் 2021-இல் அந்தப் பீச்சில் ஒரு தற்பாலீர்ப்பு இளைஞரைக் கூட்டமாக அடித்துப் போட்டார்கள். அதை மறக்காத ஆட்களிடம், குடித்துவிட்டு வருகிற கூட்டத்தை உங்கள் வேலி ஓரத்துக்குக் கொண்டுவருகிறோம் என்றால் எப்படி இருக்கும்?

அவர்கள் ஃபிரெண்ட்ஸ் ஒஃப் ஹான்லன்ஸ் என்ற பெயரில் திரண்டார்கள். கூட்டங்களுக்கு வந்தார்கள், எழுதினார்கள், 1971-இன் படங்களைக் காட்டினார்கள். மாநகரசபை யோசனையைக் கைவிட்டது. அந்தக் கரையின் வரலாற்றை ஏற்றுக்கொண்டது, உடுப்பு கட்டாயமில்லாத பகுதியும் பெரிதாக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் அவர்களை வரைவு எழுதுவதற்கு முன்னமே கேட்டிருந்தால் இவ்வளவு கோபமும் அலைச்சலும் தேவைப்பட்டிருக்காது. மரத்தில் ஆணி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்தக் கரையிலேயே இருக்கிறார்கள்.

இன்னும் தீராதது போன் கமரா. கனடாவில் 2005-இல் இருந்து ஒளித்துப் படமெடுப்பதற்குத் தனிக் குற்றப் பிரிவு உண்டு. லண்டன் ஒன்ராறியோவில் ஓர் ஆசிரியர் பேனைக் கமராவால் மாணவிகளைப் படம்பிடித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2019-இல், பலர் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்பதாலேயே ஒருவருடைய அந்தரங்கம் முழுதாகப் போய்விடாது என்று தீர்ப்புச் சொன்னது. எனக்கு அது பெரிய ஆறுதல். பார்க்கப்படுவதற்குச் சம்மதித்தவர் பதிவு செய்யப்படுவதற்கும் சம்மதித்துவிட்டார் என்று வாதிடுகிறவர்களிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லுவேன். ஆனால் பீச்சில் ஒவ்வொரு போனுக்கும் அதைக் கொண்டுபோய் நீட்ட முடியாது. அங்கே கண் வைத்திருக்க ஆள் வேண்டும், அந்த ஆள் திரும்பிப் பார்க்கவேண்டியது போன் பிடிக்கிறவனை.

இப்போது ஒவ்வொரு கோடையும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான்தான் அந்தப் பகுதியைக் காட்டிக் கொடுக்கிறேன். வண்டியை மெதுவாக விடு, மணல் கிளப்பாதே. ஆட்களோடு கதைக்கும்போது முகத்தைப் பார்த்துக் கதை. உன் போன் வண்டிப் பெட்டிக்குள் இருக்கட்டும். மணல்மேட்டில் ஏறாதே, அங்கே தொட்டால் தோல் பொங்குகிற விஷக் கொடி இருக்கிறது. அப்புறம் முறைப்பாட்டுத் தாள். "ஒருவர் அம்மணமாக நின்றார்" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்தக் கம்பத்துக்கு எந்தப் பக்கம், யார் என்ன செய்தார், யாருக்கு இடைஞ்சல், கையில் போன் இருந்ததா என்று எல்லாம் எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.