டாப் ஸ்டேஷனை வீட்டு மேசையில் கட்டுகிறேன்

மூணாறு போய்வந்த பலரும் டாப் ஸ்டேஷனில் நின்று போட்டோ எடுத்திருப்பார்கள். அங்கே நிஜமாகவே ரயில் வந்து நின்றது என்றால் என் வீட்டிலேயே நம்பவில்லை, அதனால்தான் 1:48 அளவில், அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்காக, செய்து காட்டிவிடலாம் என்று இறங்கினேன். நாலு வாரமாகிறது, பாதி முடிந்திருக்கிறது.

முதலில் வண்டி. 1902-இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். எடையில் பெரும்பங்கைத் தண்டவாளத்தில் ஓடும் சின்னச் சக்கரங்கள் தாங்கும், பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும், இழுப்பது மாடு. பால்சா என்ற லேசான மரக்கட்டையில் செய்து தள்ளிப் பார்த்தேன், வளைவு வந்ததும் கவிழ்ந்தது. சரக்கைக் கொஞ்சம் பெரிய சக்கரத்தின் பக்கம் நகர்த்தி வைத்த பிறகுதான் நின்றது. மூன்று நாள் போனது இதற்கே, ஆனால் அந்தக் காலத்தில் மூட்டை ஏற்றியவர்கள் எவ்வளவு கவனமாக ஏற்றியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் கைக்குப் புரிந்தது.

1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டார்கள். 610 மி.மீ., என் அளவில் 12.7. இதற்குப் பொருந்தும் மாடல் தண்டவாளம் எனக்குத் தயாராகக் கிடைக்காததால் பித்தளைக் கம்பியை ஐஸ்குச்சி மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம்தான் பெரிய தவறு தெரிந்தது. ஸ்டேஷனைப் பலகையின் நடுவில் வைத்து, சுற்றிலும் சமதரையாக விட்டிருந்தேன். டாப் ஸ்டேஷனின் வேலையே விளிம்பில்தான். மூணாற்றிலிருந்து வந்த தேயிலை அங்கே இறங்கி, ரோப்வேயில் தொங்கி, ஐந்து கிலோமீட்டர் தூரம் இறங்கி, மலையடியில் இருக்கும் கொட்டகுடிக்குப் போகும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். கீழே கொட்டகுடியில் பாட்டம் ஸ்டேஷன் இருந்ததால்தான் இது டாப் ஸ்டேஷன். தெர்மோகோலை அறுத்து, பாதை முடியும் இடத்திலேயே செங்குத்தாகப் பள்ளம் இறங்குகிற மாதிரி மாற்றினேன். முழு ரோப்வேயும் என் அளவில் 104 மீட்டர் வரும், தெருவைத் தாண்டிவிடும்! அதனால் தூண்டில் நரம்பைக் கட்டி முதல் கம்பம் வரை மட்டும்.

1924 ஜூலை வெள்ளம் இந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் அது 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். மறுபடி பாதை போடவில்லை. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல், அதாவது மலைமேல் ஓடியது போய் நாலு வருடம் கழித்து. இரண்டும் ஒரே காலத்தில் ஓடவே இல்லை என்பது எனக்கு ரொம்ப வருத்தம்.

இப்போது தரைக்குப் பழைய டீத்தூளைக் காயவைத்து ஒட்டுகிறேன், நிறம் நன்றாகவே வருகிறது. அடுத்த வாரம் தேயிலைப் பெட்டிகள், கீழே ஒரு மாட்டுவண்டி.