கயிற்றில் இறங்கப் பழகல்: எட்டாம் மாதக் குறிப்பு

கடந்த ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகச் சுவரின் துணையின்றி, கால் எதிலும் படாமல், கயிற்றில் மட்டும் தொங்கியபடி நிலத்துக்கு இறங்கினேன். சிறப்புப் படையினர் உலங்குவானூர்தியிலிருந்து இறங்கும் முறையை என்னைப் போன்ற ஒரு பொழுதுபோக்குப் பயிற்சியாளன் இவ்வளவு தூரம்தான் நெருங்க முடியும் என்பதால், இதுவரை நடந்தவற்றை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான சுண்ணக்கல் நிலம். கீரிமலையின் பெயரில் மலை இருந்தாலும் ஏறி இறங்கக்கூடிய பாறைச்சுவர் அங்கும் இல்லை. ஆகவே கோண்டாவிலில் எங்கள் வீட்டின் மொட்டைமாடியே என் பயிற்சிக்களம். உயரம் 7 மீற்றர். பழக்குபவர் தொலைத்தொடர்புக் கோபுரங்களில் பல ஆண்டுகள் வேலை செய்த அயல்வீட்டு அண்ணை. நான் இறங்கும்போது அவர் கீழே நின்று கயிற்றின் நுனியைப் பிடித்திருப்பார். என் கை தவறினால் அவர் அதை இழுத்தவுடன் நான் நின்றுவிடுவேன். அவர் வராத நாளில் நான் கயிற்றைத் தொடுவதில்லை.

உலங்குவானூர்தியிலிருந்து இறங்குவதில் இரண்டு முறைகள் உண்டு, பலரும் அவற்றை ஒன்றாகவே எண்ணுகிறார்கள். ஒன்றில் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் தடித்த கயிற்றைக் கையுறையணிந்த கைகளாலும் சப்பாத்துகளாலும் பற்றி வழுக்கி இறங்குவார்கள். உடலையும் கயிற்றையும் இணைக்க எதுவுமே இல்லாததால், பிடி விட்டால் விழுவதுதான். மற்றதில் இடுப்பையும் தொடைகளையும் சுற்றி ‘ஹார்னஸ்’ என்ற பட்டியை அணிந்து, அதில் மாட்டிய உலோக வளையத்தினூடாக மெல்லிய கயிற்றை ஓடவிட்டு இறங்குவார்கள். நான் பழகுவது இந்த இரண்டாவது முறை. இதன் பெயர் ‘ராப்பல்’. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குத் திருப்பி அழைத்தல் என்று பொருள். மலையேறிகள் இறங்கிய பின் கயிற்றைக் கீழே இழுத்து எடுத்துக்கொள்வதிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

கயிறு 11 மில்லிமீற்றர், அதிகம் நீளாத வகை. ஐரோப்பியத் தரம் ஈஎன் 1891இன் ‘ஏ’ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூற்றன் தாங்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 2,240 கிலோகிராம் எடை. நகரில் ஒரு கடையில் முதலில் வாங்கிய கரபினரில் (ஹார்னஸில் மாட்டும், திறந்து மூடும் உலோகக் கொக்கி) எவ்வளவு பாரம் தாங்கும் என்ற அளவு எதுவும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. அண்ணை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். இப்போது அது கிணற்று வாளியில் மாட்டியிருக்கிறது.

முதல் மாதம் முழுவதும் நான் விட்ட பிழை ஒன்றே. பயத்தில் மேலே செல்லும் கயிற்றை இடது கையால் இறுகப் பிடித்து, உடல் பாரத்தையெல்லாம் தோளில் ஏற்றி, நிலத்தைத் தொடும்போது கை நடுங்க நின்றேன். “தம்பி, மேல் கயிறு உம்மைப் பிடிச்சிருக்கு, நீர் அதைப் பிடிக்கத் தேவையில்லை. வலது கையை மட்டும் விடாதையும்” என்றார் அண்ணை. எட்டு வடிவ அலுமினிய வளையத்துக்குக் கீழே வரும் கயிற்றை வலது கை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனால் உராய்வு கூடி இறக்கம் நிற்கும், பிடியை விடாமல் கையை இடுப்பிலிருந்து விலக்கினால் ஓடும். இது தலைக்கு ஒரு நாளில் விளங்கியது. கைக்கு விளங்க ஆறு வாரம் பிடித்தது.

மூன்றாம் மாதத்தில் தொளதொளத்த சேட்டின் நுனி வளையத்துக்குள் இழுபட்டு, 4 மீற்றர் உயரத்தில் மாட்டிக்கொண்டேன். மெல்லிய சிறுகயிற்றால் மேல் கயிற்றைச் சுற்றிப் புரூசிக் முடிச்சுப் போட்டு, அதில் கால் வளையம் கட்டி, எழுந்து நின்று வளையத்தின் பாரத்தை நீக்கித் துணியை உருவ இருபது நிமிடம் சென்றது. ஒஸ்ரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் வெளியிட்ட அந்த முடிச்சு, பாரம் ஏறும்போது கவ்வும், பாரம் இறங்கினால் நகரும். எங்கள் சீவல் தொழிலாளர் தளைநாரைக் காலில் மாட்டிப் பனையில் ஏறுவதும் இதே அறிவுதான் என்பது அங்கே தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஐந்தாம் மாதத்தில் ஒரு முறை வேகமாக இறங்கியபின் மணிக்கட்டு வளையத்தில் பட்டுச் சிவந்தது. கணக்குப் பார்த்தேன்: 70 கிலோகிராம் உடல் 7 மீற்றர் இறங்கும்போது ஏறத்தாழ 4,800 யூல் சக்தி வெப்பமாகிறது. அது முழுவதும் 120 கிராம் அலுமினியத்தில் சேர்ந்தால் வெப்பநிலை 44 பாகை உயரும். 30 மீற்றர் என்றால் 190 பாகை. கயிறும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனாலும் சாதாரண நைலோன் 220 பாகையளவில் உருகுவதை நினைத்தால், உயரத்திலிருந்து வேகமாக வந்து சூடான வளையத்துடன் கயிற்றில் சட்டென்று நிற்பது ஏன் தவறு என்பது விளங்கும்.

மொட்டைமாடியின் கிழக்கில் கொங்கிறீற்றுத் தட்டு சுவரைத் தாண்டி ஒன்றரை மீற்றர் வெளியே நீண்டிருக்கிறது. நீர்த்தாங்கியின் இரு தூண்களில் தனித்தனியே கயிற்றைக் கட்டி, விளிம்பில் சாக்கு மடித்துப் போட்டோம். உலங்குவானூர்தியின் சறுக்குச் சட்டத்தில் நிற்பவரைப் போலக் குதிகால் வெளியே இருக்க, முழங்காலை மடக்காமல் உடலைப் பின்னால் சாய்த்து, பின்பு முழங்காலை மடக்கித் தள்ளிக் கயிற்றை ஓடவிட வேண்டும். தள்ளாமல் நழுவினால் முகம் விளிம்பில் மோதும். நான் தள்ளினேன், கால் வெறுமையில் தொங்கியது. எட்டு வளையம் கயிற்றை முறுக்குவதால் நிலத்தை அடையுமுன் இரண்டரைச் சுற்றுச் சுழன்றுவிட்டேன். சுழலியின் காற்று மேலிருந்து அடிக்க, பாரமான பையுடன் இதைச் செய்பவர்கள்மீது எனக்கிருந்த மதிப்பு அந்த இரண்டரைச் சுற்றில் இன்னும் கூடியது.

விமானத்தளம் உள்ள பலாலிப் பக்கம் உலங்குவானூர்திச் சத்தம் கேட்டால் அம்மா இன்றும் அடுப்படியை விட்டு வந்து அண்ணாந்து பார்ப்பார். இந்தப் பழக்கத்தைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஞாயிறன்று அவர் முற்றத்தில் நின்று, நான் ஹார்னஸைக் கழற்றும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனார்.

மாலையில் கயிற்றை விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்த்தேன். கீழ் நுனியிலிருந்து 2 மீற்றரில், நான் வழக்கமாக நிறுத்தும் இடத்தில், கயிற்றின் வெளியுறை மினுங்கிச் சற்று விறைத்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி நீக்கிய பின்தான் அடுத்த இறக்கம்.