லேபலிங் கேள்வி வந்தால் முதலில் புரதத்தைப் பாருங்கள்

அறிவியல்நகரில் உயிரிரசாயனம் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். புரதத்தில் ஒளிரும் சாயத்தையும், பயோட்டின் என்ற விற்றமினையும் அடையாளமாக ஒட்டும் 'லேபலிங்' பகுதி குறிப்புகளில் நீண்ட அட்டவணையாகக் கிடக்கும். ஒரு பக்கம் சாயத்தின் பெயர், மறுபக்கம் அலைநீளம். பலர் அதை இரவிரவாகப் பாடமாக்குகிறார்கள். பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தால் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: புரதத்தில் இன்ன இரசாயனக் கூட்டம் இருக்கிறது, எதைத் தெரிவு செய்வாய், எந்தப் பிஎச்சில், ஏன்? அந்த 'ஏன்'தான் புள்ளி.

ஆகவே புரதத்திலிருந்து தொடங்குங்கள். லைசீனின் அமைன் கிடைக்கிறதா? அமைனோடு தாக்கமுறும் என்எச்எஸ் எசுத்தர் உள்ள சாயம். சிஸ்டீனின் தயோல் இருக்கிறதா? தயோலோடு தாக்கமுறும் மலேமைட், பிஎச் 6.5 முதல் 7.5 வரை. தயோல் இருசல்பைட்டுப் பிணைப்பில் மாட்டியிருந்தால் முதலில் தாழ்த்த வேண்டும். பிறபொருளெதிரியின் வெல்லப் பகுதியில் ஒட்ட வேண்டுமா? பரயோடேற்றால் ஒட்சியேற்றி அல்டிகைட்டாக்கி, அதில் ஐதரசைட்டு.

இவற்றில் என்எச்எஸ் எசுத்தரைத்தான் ஆழமாகப் படிக்க வேண்டும். லைசீன் பக்கச்சங்கிலியின் பிகேஏ, அதாவது அமைன்களில் பாதி புறோத்தனை இழந்திருக்கும் பிஎச், 10.5 அளவு. நடுநிலைக் கரைசலில் அதில் பெரும்பகுதி புறோத்தனை ஏற்றுக்கொண்டு, தாக்க முடியாமல் நிற்கும். அதனால்தான் 0.1 மூலர் இருகாபனேற்றில் பிஎச்சை 8.3க்கு உயர்த்துகிறோம். சரி, இன்னும் உயர்த்தினால் என்ன? நீரும் அதே எசுத்தரைத் தாக்குகிறது. பிஎச் 7இலும் 0 பாகையிலும் எசுத்தரின் அரைவாழ்வு 4 முதல் 5 மணித்தியாலம். பிஎச் 8.6இலும் 4 பாகையிலும் 10 நிமிடம்தான். அமைனுக்கும் நீருக்கும் நடக்கும் இந்த ஓட்டப்பந்தயத்தை இரண்டு எண்களோடு எழுதிவிட்டால் விடையில் பாதி முடிந்தது.

குழாயில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ட்ரிஸ், கிளைசீன் இரண்டிலும் அமைன் உண்டு. புரதத்துக்குப் போகவேண்டிய சாயத்தை அவையே வாங்கிவிடும். வாங்கிய பிறபொருளெதிரியில் நிலைப்படுத்தியாக மாட்டு அல்புமின் சேர்த்திருந்தால் அதுவும் பங்கு கேட்கும். செய்முறைத் தாளில் தாங்கற்கரைசலின் பெயரைச் சும்மா எழுதி வைப்பதில்லை. பொறி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விசயம். செய்முறைகளில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 முதல் 25 பாகை. ஓகஸ்டில் கிளிநொச்சியில் மின்சாரம் போய் ஏசி நின்றுவிட்டால் அறை அதுவல்ல. சாயம் புரதத்தைச் சேர்வதற்குள் நீர்ப்பகுப்பு முந்திவிடும். கார்த்திகை மழைக்காலத்தில் வேறு தொல்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்த சிறுகுப்பியை உடனே திறந்தால் ஈரக்காற்று உள்ளே போய்த் தூளில் ஒடுங்கும். மூடியபடியே வைத்து, குப்பியின் வெளிப்புறம் வியர்ப்பது நின்ற பிறகு திறவுங்கள். உலர்ந்த டிஎம்எஸ்ஓ கரைப்பானில் அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கரையுங்கள்.

கணக்கு கட்டாயம் வரும். ஒரு பிறபொருளெதிரியில் எத்தனை சாயம் ஒட்டியிருக்கிறது? புளோரெசீன் என்ற சாயம் ஒட்டிய ஐஜிஜி பிறபொருளெதிரி 494 நானோமீற்றரில் 0.680, 280இல் 0.624 அகத்துறிஞ்சல் காட்டுகிறது என்று வையுங்கள். பாதை நீளம் 1 சென்ரிமீற்றர். சாயத்தின் மூலர் அகத்துறிஞ்சல் குணகம் 68,000 என்றால் செறிவு 10 மைக்ரோமூலர். சாயம் 280இலும் கொஞ்சம் உறிஞ்சும், திருத்தக் காரணி 0.30. எனவே 0.624இலிருந்து 0.204ஐக் கழிக்க 0.420. ஐஜிஜியின் குணகம் 210,000. புரதம் 2 மைக்ரோமூலர், விகிதம் 5. திருத்தத்தை விட்டால் 3.4 அளவில் வரும், அதுவும் நம்பக்கூடிய எண்போலவே தோன்றும்! ஒட்டாத சாயத்தை ஜெல் நிரலாலோ கூழ்பிரிப்பாலோ முதலில் அகற்றியிருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும் என்று ஒரு வரி சேருங்கள். விகிதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒளிர்வு கூடாது. நெருங்கிய சாயங்கள் ஒன்றையொன்று அணைக்கும், பிறபொருளெதிரியின் பிணைக்கும் திறனும் குறையும்.

பயன்பாடு கேட்டால் விசர்நாய்க்கடியை எழுதுங்கள். இறந்த நாயின் மூளைப் பூச்சில், புளோரெசீன் ஐசோதயோசயனேற்று ஒட்டிய பிறபொருளெதிரியை இட்டு, பச்சை ஒளிர்வைத் தேடும் நேரடிச் சோதனை அது. நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நோய், உதாரணம் மறக்காது.

பயோட்டின் வாய்மொழித் தேர்வில் (வைவா)தான் அதிகம் வரும். அதை இறுகப் பிடிக்கும் புரதங்களான அவிடின், ஸ்ட்ரெப்டவிடின் இரண்டுக்கும் நான்கு பிணைப்பிடங்கள். பிரிகை மாறிலி 10இன் −15ஆம் அடுக்கு அளவு. பிணைப்புக்குழி ஆழமானது என்பதால் சங்கிலி நீண்ட பயோட்டின் வசதியாக உள்ளே போகும். சல்போ கூட்டம் சேர்ந்த என்எச்எஸ் பயோட்டின் நீரில் கரையும், கலமென்சவ்வைக் கடக்காது. கலத்தின் மேற்பரப்புப் புரதங்களை மட்டும் குறிக்க வேண்டுமென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: பிறபொருளெதிரி தவறாக ஒட்டக்கூடிய வெற்றிடங்களை மறைக்க ஆடை நீக்கிய பால்மாவைப் பாவிக்கலாமா? வேறு முறைகளில் தாராளமாக. ஸ்ட்ரெப்டவிடின் முறையில் வேண்டாம், பாலிலேயே பயோட்டின் இருக்கிறது. ஈரல், சிறுநீரக இழையங்களிலும் அதே சிக்கல். அவற்றை முதலில் அவிடினாலும் பிறகு மிகையான பயோட்டினாலும் மறித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று சொன்னால் பரீட்சகர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.